டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கம்: எந்த கேபிள் எந்த போர்ட்டில்?

கம்ப்யூட்டரை வாங்கிய நாளில் கடைக்காரரே வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதனால் கேபினட்டின் பின்பக்கத்தைப் பார்க்கும் தேவையே பலருக்கு வருவதில்லை. வீடு மாறும்போதோ, வெள்ளையடிக்க மேசையை நகர்த்தும்போதோ கேபிள்களைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட உட்கார்ந்தால்தான் திகைப்பு வருகிறது. இத்தனை ஓட்டைகளில் எது எதற்கு?

பயப்பட வேண்டியதில்லை. இந்த போர்ட்டுகளை வடிவமைத்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான கேபிள்கள் தவறான இடத்தில் நுழையவே நுழையா. நுழையாத இடத்தில் அழுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கவனம் வேண்டியது வேறு இடத்தில்: கேபிள் அழகாகப் பொருந்தும், ஆனாலும் அது தவறான இடமாக இருக்கும். அப்படிப்பட்ட இடங்கள் ஐந்தாறுதான். அவற்றை நன்றாகத் தெரிந்துகொண்டால் இனி யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. ஆகவே சாதாரண போர்ட்டுகளை வேகமாகக் கடந்து, அந்த இடங்களில் மட்டும் நின்று பேசுகிறேன்.

முதல் படி: பின்பக்கத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் உள்ள ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, கேபினட்டை மெல்லத் திருப்புங்கள். போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மூன்று பகுதிகள் தெரியும்.

பவர் கேபிள் நுழையும் இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பழைய கேபினட்டுகளில் மேலேயும் புதியவற்றில் பெரும்பாலும் கீழேயும் இருக்கும். அடுத்தது, நீள்செவ்வகத் தகடு ஒன்றுக்குள் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும் போர்ட்டுகள். இவை கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையான மதர்போர்டைச் சேர்ந்தவை. மூன்றாவது, அதற்குக் கீழே கிடைமட்டமாகப் படுத்திருக்கும் தகடுகள். சாதாரண கம்ப்யூட்டரில் இவை வெறும் மூடிகள்தான். திரைக்குப் படம் தயாரிக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் போர்ட்டுகள் இங்கே ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக நிற்கும்.

நெடுவரிசையில் இருப்பது மதர்போர்டு, கிடைவரிசையில் இருப்பது கார்டு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். அடுத்த படியே அதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: மானிட்டர்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மானிட்டருக்கு நான்கு வகை போர்ட்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகளோடு, இரண்டு பக்கமும் திருகு வைத்திருப்பது விஜிஏ. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. இதில் படம் அனலாக் சிக்னலாகப் போவதால் பெரிய மானிட்டரில் எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரியும். கேபிளின் முனையில் ஒரு பின் இல்லாமல் இருப்பதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பல விஜிஏ கேபிள்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் பின் வளைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு திருகுகளையும் கையாலேயே முடுக்கிவிடுங்கள். திரை திடீரென்று மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினால் பெரும்பாலும் இந்தத் திருகு தளர்ந்திருக்கும்.

வெள்ளை நிறத்தில் அகலமாக இருப்பது டிவிஐ. 1999-ல் வந்தது, இப்போது புதிய மதர்போர்டுகளில் அரிது. எச்டிஎம்ஐ எல்லோருக்கும் டிவியில் பழக்கமானது: மேல் பக்கம் அகலமாகவும் கீழ் மூலைகள் இரண்டும் சரிந்தும் இருக்கும். படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். டிஸ்ப்ளே போர்ட் பார்ப்பதற்கு எச்டிஎம்ஐ போலவே இருக்கும், ஆனால் ஒரு மூலை மட்டும்தான் வெட்டப்பட்டிருக்கும். இதன் கேபிள்கள் பலவற்றின் தலையில் சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டுதான் உருவ வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே பெயர்ந்துவிடும்.

மானிட்டரிலும் கேபினட்டிலும் பொதுவாக எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் டிஸ்ப்ளே போர்ட், அடுத்து எச்டிஎம்ஐ, அதன் பிறகு டிவிஐ, வேறு வழியே இல்லையென்றால் விஜிஏ. கடையில் மானிட்டரோடு விஜிஏ கேபிளைக் கொடுத்தார்கள் என்பதற்காக, எச்டிஎம்ஐ வசதியைச் சும்மா விட்டுவைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மதர்போர்டிலும் எச்டிஎம்ஐ இருக்கும், கார்டிலும் எச்டிஎம்ஐ இருக்கும். இரண்டும் ஒரே அளவு, கேபிள் இரண்டிலும் சிக்கென்று உட்காரும். ஆனால் மானிட்டரைக் கார்டில்தான் மாட்ட வேண்டும். மதர்போர்டின் எச்டிஎம்ஐ, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதியிலிருந்து படத்தை எடுக்கிறது. அங்கே மாட்டினால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கார்டு பெரும்பாலும் உள்ளே சும்மா கிடக்கும், விளையாட்டுகள் திணறும். பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600 போன்ற சிலவற்றிலும் அந்தக் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. அவற்றில் மதர்போர்டு எச்டிஎம்ஐயில் மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். "கம்ப்யூட்டர் செத்துவிட்டது" என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், கேபிள் நெடுவரிசையில் இருக்கிறதா கிடைவரிசையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரியாக மாட்டியும் 'நோ சிக்னல்' வந்தால் மானிட்டரின் மெனுவைத் திறந்து, 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பகுதியில் நீங்கள் மாட்டிய போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு மானிட்டர் விஜிஏயை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டர் வாங்கியவர்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். கேபிள் மாட்டியதும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' போய், எண்ணை நாமே உயர்த்த வேண்டும். பட்டியலில் 144 காட்டவில்லையென்றால் போர்ட்டோ கேபிளோ பழைய தலைமுறை. எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். 60 வேண்டுமென்றால் 2013-ல் வந்த 2.0 வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் திசையைச் சொல்லிக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்றால் 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ'. அதையே தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது.

மூன்றாம் படி: கீபோர்டு, மவுஸ், மற்ற யுஎஸ்பி கருவிகள்

இன்டெலில் வேலை பார்த்த, குஜராத்தில் பிறந்த அஜய் பட் முன்னின்று உருவாக்கியது யுஎஸ்பி. 1996-ல் முதல் பதிப்பு வந்தது. அதற்கு முன் கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று தனித்தனி போர்ட் இருந்த காலம். இன்று அத்தனையும் ஒரே வடிவத்துக்குள் வந்துவிட்டன. அதில் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது: வடிவம் ஒன்று, வேகம் பல.

செவ்வகமான டைப்-ஏ போர்ட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கின் நிறத்தைப் பாருங்கள். கறுப்போ வெள்ளையோ இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட். நீலமாக இருந்தால் 3.0, நொடிக்கு 5 ஜிகாபிட். சிவப்பு அல்லது வெளிர்நீலமாக இருந்தால் பெரும்பாலும் 10 ஜிகாபிட். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், இந்த நிறங்கள் கட்டாய விதி அல்ல. தயாரிப்பாளர் தன் விருப்பப்படி மாற்றலாம். போர்ட்டின் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற ஆங்கில எழுத்துகளோ 5, 10 என்ற எண்களோ பொறித்திருந்தால் அதை நம்புங்கள்.

இந்த வித்தியாசம் நடைமுறையில் எவ்வளவு? கல்யாண வீடியோ 50 ஜிபி இருக்கிறது, எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யுஎஸ்பி 2.0-வில் உண்மையில் கிடைப்பது நொடிக்கு 30, 40 மெகாபைட்தான். வேலை முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே டிரைவை நீல போர்ட்டில் மாட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடலாம். கீபோர்டுக்கும் மவுசுக்கும் இந்த வேகம் எதற்கும் பயன்படாது. ஆகவே அவற்றைக் கறுப்பு போர்ட்டுகளில் மாட்டிவிட்டு நீலத்தை டிரைவுகளுக்காகக் காலியாக வையுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது என்று இன்டெலே 2012-ல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. வயர்லெஸ் மவுசின் டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன முனை) பேசுவதும் அதே அலைவரிசையில்தான். நீல போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது பக்கத்து போர்ட்டில் டாங்கிள் இருந்தால் மவுஸ் விட்டு விட்டு நகரும். பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்று மவுசைத் தூக்கிப் போடாதீர்கள். டாங்கிளைத் தள்ளியிருக்கும் போர்ட்டுக்கோ முன்பக்கத்துக்கோ மாற்றிப் பாருங்கள்.

முன்பக்க போர்ட்டுகள் வசதியானவை, ஆனால் அவை கேபினட்டுக்குள் ஓடும் மெல்லிய கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. பென்டிரைவுக்கு அது போதும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை முன்னால் மாட்டியதும் டிக் டிக் என்ற சத்தத்தோடு தெரியாமல் போனால், கரண்ட் போதாமல் இருக்கலாம். யுஎஸ்பி 2.0 தரும் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0-வில் 900. டிஸ்க்கைப் பின்பக்க நீல போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் எந்த போர்ட்டும் வேலை செய்யவில்லையென்றால் உள்ளே அந்த கேபிள் கழன்றிருக்கும். கேபினட்டை அசெம்பிள் செய்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

நீள்வட்டமாக, எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைவது டைப்-சி. 2014-ல் வந்தது. இதில் வடிவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு டைப்-சி போர்ட் 5 ஜிகாபிட்டில் ஓடும், இன்னொன்று 20-ல் ஓடும். மின்னல் குறி போட்டிருந்தால் அது தண்டர்போல்ட் என்ற அதிவேக வகை. மானிட்டரை டைப்-சியில் மாட்ட முடியுமா என்பதும் போர்டுக்குப் போர்டு மாறும். கேபிளும் அப்படியே: போனோடு வந்த சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 வேகம்தான் கிடைக்கும். எஸ்எஸ்டியை அதில் இணைத்துவிட்டு வேகம் வரவில்லை என்று போர்ட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

சில போர்டுகளில் ஒரு யுஎஸ்பி போர்ட்டைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டு 'பயாஸ்' என்று எழுதியிருக்கும். பயாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள். பக்கத்தில் அதைப் புதுப்பிக்கும் சின்னப் பொத்தானும் இருக்கலாம். போர்ட்டை வழக்கம்போலப் பயன்படுத்தலாம். பொத்தானைத் தொட வேண்டாம்.

ஊதா, பச்சை நிறத்தில் வட்டமான ஆறு துளை போர்ட் இருந்தால் அது பிஎஸ்/2. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. இந்த இரண்டும் மாறிப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. பாதி ஊதா பாதி பச்சை என்றால் இரண்டில் எதையும் மாட்டலாம். கம்ப்யூட்டர் ஓடும்போது இதைக் கழற்றி மாட்டக் கூடாது. யுஎஸ்பிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நான்காம் படி: இன்டர்நெட்

எட்டு உலோகக் கம்பிகள் தெரியும் சதுரத் துளை லேன் போர்ட். கிளிப் உள்ள கேபிளை 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ளுங்கள். சத்தம் வரவில்லையென்றால் கிளிப் உடைந்திருக்கலாம். அப்படிப்பட்ட கேபிள் மெல்ல வெளியே வந்து, இன்டர்நெட் போய்ப் போய் வரும்.

கேபிளின் மறுமுனையில் கவனம் வேண்டும். பைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் சுவரில் இருக்கும் பெட்டியில் டெலிபோன் துளையும் லேன் துளையும் அருகருகே இருக்கும். டெலிபோன் துளை சற்றுச் சிறியது. டெலிபோன் ஒயரின் முனை லேன் துளைக்குள் நுழைந்துவிடும் என்பதால் எழுத்தைப் படித்து மாட்டுங்கள். தனி ரவுட்டர் இருந்தால் கம்ப்யூட்டரின் கேபிள் 'லேன்' என்று எழுதிய துளைக்குப் போக வேண்டும். வேறு நிறத்தில் இருக்கும் 'வான்' துளை பைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளுக்கானது.

போர்ட்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் எரியும். ஒன்றுகூட எரியவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு கேபிளிலோ மறுமுனையிலோ இருக்கும், விண்டோஸில் தேட வேண்டாம். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் வேகம் 95-ஐத் தாண்டவில்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டு ஒயர்களும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரே ஒரு ஒயர் அறுந்தாலும் இணைப்பு துண்டிக்கப்படாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. நெட்வொர்க் செட்டிங்ஸில் 'லிங்க் ஸ்பீடு' 100 என்று காட்டினால் கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் புதிதாக வாங்கி மாட்டுங்கள். பணம் கட்டியும் கிடைக்காத வேகம் திரும்பி வந்துவிடும்.

பின்பக்கத்தில் தங்க நிறத்தில் மரை போட்ட இரண்டு கம்பங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை வைஃபை ஆண்டெனாவுக்கு. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியிலேயே ஆண்டெனா தங்கிவிடுவது உண்டு. பக்கத்து அறையில் ரவுட்டர் இருந்தும் வைஃபை திணறுகிறது, புளூடூத் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் முதலில் அந்தப் பெட்டியைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: ஒலி

பச்சைத் துளையில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன், இளஞ்சிவப்பில் மைக், வெளிர்நீலத்தில் வேறு கருவியிலிருந்து உள்ளே வரும் பாட்டு. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வெளியிட்ட 'பிசி 99' என்ற வடிவமைப்பு வழிகாட்டியில் இந்த நிறங்கள் இடம்பெற்றன. பிஎஸ்/2-வின் ஊதா, பச்சையும் அதிலேயே உண்டு. ஆரஞ்சு, கறுப்பு, சாம்பல் துளைகள் ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். எல்லாத் துளைகளும் ஒரே அளவு, எங்கும் பொருந்தும். நிறம் இல்லாமல் எல்லாம் கறுப்பாக இருக்கும் போர்டுகளில் தகட்டில் பொறித்த சின்னப் படங்களைப் பாருங்கள்.

போனுக்கு வாங்கிய ஹெட்செட்டை ஆன்லைன் வகுப்புக்காகப் பச்சைத் துளையில் மாட்டுவார்கள். ஆசிரியர் பேசுவது கேட்கும், பிள்ளை பேசுவது அங்கே கேட்காது. பின்னின் உலோகத்தில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் இருக்கின்றன. பச்சைத் துளைக்கு அந்த மைக்கை எடுக்கத் தெரியாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' கேபிள் குறைந்த விலையில் கிடைக்கும். ஒரு கிளை பச்சைக்கு, இன்னொன்று இளஞ்சிவப்புக்கு. முன்பக்கத்தில் மைக்கோடு கூடிய ஹெட்செட் படம் போட்ட துளை இருந்தால் அதுவும் தேவையில்லை, நேராகவே மாட்டலாம்.

மானிட்டரை எச்டிஎம்ஐக்கு மாற்றியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? விண்டோஸ் ஒலியை மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி, பட்டியலில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும்

ஒன்பது பின் நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட். இளஞ்சிவப்பில் 25 துளையோடு நீளமாக இருப்பது பேரலல் போர்ட். கடைகளில் பில் போடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் எடை இயந்திரங்களும் இவற்றை நம்பி இன்னும் ஓடுகின்றன. உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் இவற்றைத் தொடவே வேண்டாம். இன்றைய பிரிண்டரின் பின்னால் இருக்கும் சதுரமான துளை யுஎஸ்பி டைப்-பி. அதன் மறுமுனை சாதாரண யுஎஸ்பிதான்.

கடைசிப் படி: மின்சாரம்

எல்லாம் மாட்டிய பிறகுதான் பவர் கேபிள். எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி இருக்கிறதா பாருங்கள். பழைய மாடல்களில் இருக்கும். நம் ஊருக்கு 230-ல் இருக்க வேண்டும். 115-ல் வைத்து ஸ்விட்சைப் போட்டால் 'டமால்' என்று வெடித்து எஸ்எம்பிஎஸ் போய்விடும். குழந்தைகள் விளையாட்டாக நகர்த்தியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மூன்று பின் உள்ள பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளில் திரை வராது, ஒலி வராது, அவ்வளவுதான். இது உடம்பு சம்பந்தப்பட்டது. கேபினட்டின் இரும்பைத் தொடும்போது சுரீர் என்றால் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் பகுதியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. எர்த் இல்லாத கம்ப்யூட்டரையும் டிவியையும் எச்டிஎம்ஐ கேபிளால் இணைக்கும்போது இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடே போர்ட்டைப் பழுதாக்கிவிடக்கூடும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

யுபிஎஸ் இருந்தால் கேபினட்டும் மானிட்டரும் அதில் போகலாம். ரவுட்டரும் போகலாம். லேசர் பிரிண்டரை மட்டும் சுவரில் நேராக மாட்டுங்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டை வீட்டு யுபிஎஸ் தாங்காது.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்சில் கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். கோட்டுப் பக்கம் அழுத்திவிட்டு முன்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். விசிறி சுற்றி, திரையும் வந்துவிட்டால், கேபினட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளும் முன் போனில் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள்களின் தலைகள் சுவரில் மடங்காதபடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.